ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களின் சாப்பாடு: டெல்டா வீட்டுச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நாடி தாறுமாறாக ஓடும். மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். சாப்பாட்டால் இது குணமாகாது. ஆனால் மாத்திரை ஒழுங்காக வேலை செய்வதும், படபடப்பு அடிக்கடி கிளம்பாமல் இருப்பதும் சமையலறையைச் சார்ந்தே இருக்கின்றன.

அம்மாவுக்காக எங்கள் வீட்டில் இந்த ஒழுங்கை அமைத்தேன். பிறகு கும்பகோணம், பாபநாசம் பக்கத்து உறவினர் வீடுகளிலும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே, யாரோ சொன்ன "தொடவே கூடாது" பட்டியலைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுகிறார்கள். கீரை போகிறது, வாழைப்பழம் போகிறது, காபி போகிறது. ஊறுகாய் மட்டும் தப்பித்துக்கொள்கிறது. நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் மருந்துச் சீட்டு, அடுத்து நோட்டு, அதன் பிறகுதான் அடுப்பு. நான் மருத்துவர் இல்லை. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் தொடும் எந்த முடிவையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே எடுங்கள்.

1. தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

கடைசி மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ரத்த அழுத்தக் கருவி, எடை பார்க்கும் கருவி, ஒரு நோட்டு, ஒரு டீஸ்பூன். பரிசோதனைத் தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள்: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், தைராய்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் இளநீரையும் பழத்தையும் பற்றி முடிவெடுக்க முடியாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அதுவே துடிப்பைக் கெடுக்கும். அப்படியிருந்தால் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

2. எந்த மாத்திரை என்பதைக் கண்டுபிடியுங்கள்

"ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அவை இரண்டு வகை. சாப்பாட்டு விதிகளும் இரண்டு வகை.

முதல் வகை அசிட்ரோம் என்ற பெயரில் பலர் அறிந்த அசினோகூமரால், மற்றும் வார்ஃபரின். இவை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் கீரைக் கணக்கு இவர்களுக்குத்தான். ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதை எண்ணாகக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையும் இவர்களுக்குத்தான். இந்த நோய்க்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் வைப்பார்கள். செயற்கை வால்வு இருந்தால் இலக்கு மாறலாம், சீட்டில் பாருங்கள்.

இரண்டாம் வகை ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டபிகட்ரான். இவற்றுக்கும் கீரைக்கும் சம்பந்தம் இல்லை. அபிக்ஸபான் சாப்பிடுபவர் வீட்டில் கீரையை நிறுத்தியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அசிட்ரோம் விதி அங்கே குடியேறியிருக்கும்.

ஆனால் ரிவராக்ஸபானுக்கு வேறொரு விதி உண்டு. 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். 20 மில்லிகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் உடலில் சேரும். நம் வீடுகளில் வயதானவர்கள் இரவில் ஒரு டம்ளர் பாலும் ஒரு பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள், மாத்திரையும் அந்தப் பாலோடு போய்விடும். அப்படிப்பட்டவருக்கு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. "புது மாத்திரைக்கு மாறினால் கீரைத் தொல்லை இல்லையே" என்று நீங்களாக மாற வேண்டாம். 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயோடு இந்தத் துடிப்புக் கோளாறும் இருந்தவர்களுக்கு ரிவராக்ஸபானைவிடப் பழைய வகை மாத்திரையே நல்ல பலன் தந்தது.

3. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஆர்வக்கோளாறில் எல்லோரும் தாவிவிடும் படி இது. முதல் நாளே காபியையும் புளியையும் நிறுத்திவிட்டால், பிறகு படபடப்பு குறைந்தது எதனால் என்று யாருக்கும் தெரியாது.

நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம் தூங்கினார், படபடப்பு வந்ததா, அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் நடந்தது என்ன. தினமும் ஒரே நேரத்தில் நாடியை எண்ணி எழுதுங்கள். கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி. ஓடி நின்று ஓடும் நாடிக்குத் தப்பான கணக்கைத் தரும். ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள், துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் மாறுவதால்.

4. கீரையை நிறுத்தாதீர்கள், நாள் குறியுங்கள்

(அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்.)

ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் செய்வதற்கு வைட்டமின் கே தேவை. கரும்பச்சை இலைகளில் அது நிறைய. மருத்துவர் மாத்திரையின் அளவை முடிவு செய்வது, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கீரையையும் சேர்த்து வரும் ஐ.என்.ஆர். எண்ணை வைத்துத்தான். கீரையைத் திடீரென நிறுத்தினால் எண் ஏறும், ரத்தக்கசிவு ஆபத்து. திடீரெனக் கூட்டினால் எண் இறங்கும், கட்டி உறையும் ஆபத்து.

கீரையே சாப்பிடாதவர்களின் எண்தான் அதிகம் ஊசலாடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உடலில் கையிருப்பு குறைவாக இருக்கும்போது, கல்யாண வீட்டில் தின்ற ஒரு கரண்டிக் கூட்டுகூடக் கணக்கைக் கலைத்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். வாரத்தில் மூன்று நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாகத் திங்கள், புதன், வெள்ளி. அந்த நாட்களில் வெந்த கீரை ஒரு குழிக்கரண்டி, எப்போதும் அதே கரண்டி. அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி எதுவானாலும் சரி. அளவைக் கட்டுக் கணக்கில் வைக்காதீர்கள். சைக்கிளில் வரும் கீரைக்காரரின் கட்டு மழைக்குப் பிறகு பெருக்கும், சித்திரையில் சிறுக்கும். வெந்த பின் கரண்டியால் அளப்பது ஒன்றுதான் நிற்கும் கணக்கு.

மறந்துபோகும் கீரைகள் உண்டு. கொத்தமல்லித் துவையலும் கறிவேப்பிலைப் பொடியும் கீரைதான். ரசத்தின் மேல் தூவும் நான்கு இலை கணக்கில் வராது. கொல்லை முருங்கை தழைத்துவிட்டது என்று அடை, பொரியல், சூப் என வாரம் முழுக்க ஓடுவதுதான் பெரிய வம்பு. முட்டைக்கோஸிலும் வைட்டமின் கே உண்டு. வாழைத்தண்டு, பூசணி, புடலை, சுரைக்காய்க்கு இந்தக் கணக்கே வேண்டாம், வயிறாரச் சாப்பிடலாம்.

வீட்டில் இந்த ஒழுங்கை நிலைநிறுத்துவதுதான் கஷ்டம். "அத்தை, இன்றைக்குச் செவ்வாய், கீரை உங்களுக்கு நாளைக்குத்தான்" என்று பந்தியில் சொன்னால் முகம் வாடிப்போகும். அதனால் செவ்வாய்க்கிழமை வீட்டில் யாருக்குமே கீரை சமைக்காமல் இருப்பது நல்லது.

புதிய ஒழுங்கைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையைச் சற்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளச் சொல்வார்.

5. விரத நாட்களுக்குத் தனித் திட்டம்

கீரைக் கணக்கைச் சரியாகப் பிடித்த வீடுகளும் இங்கேதான் தடுமாறுகின்றன. காவிரிக் கரையில் பஞ்சாங்கம்தான் சமையலை நடத்துகிறது.

ஏகாதசி முழு உபவாசம். மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். ஒருநாள் பட்டினி, மறுநாள் கரும்பச்சைக் கீரை என்று இந்த மாத்திரைக்கு நேர் எதிரான இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுகின்றன. ஒருநாள் அகத்தியால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் அதைக் கீரை நாளில் ஒன்றாகக் கணக்கிட்டு, அந்த வாரத்தில் வேறொரு கீரையை விட்டுவிடுங்கள்.

கந்த சஷ்டி வேறு விஷயம். சுவாமிமலைக்கும் சிக்கலுக்கும் நேர்ந்துகொண்டு ஆறு நாள் பாலும் பழமுமாக இருப்பவர்கள் உண்டு. ஆறு நாள் என்பது ஐ.என்.ஆர். நகர்வதற்குப் போதுமான காலம். நீர் குறைந்தாலும் பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு கிளம்பும் என்பது இன்னொரு பக்கம். முழு உபவாசம் வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவேளைச் சாப்பாடாவது வைத்துக்கொண்டு விரதம் இருக்கலாம், தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது.

புரட்டாசியில் நாகப்பட்டினத்து மீன் வரும் வீடுகள்கூடச் சைவமாகிவிடும். மீன் போன இடத்தில் கீரை வந்து உட்காரும். மாதம் முழுக்க நீடிப்பதால் இதை முன்னதாகவே நோட்டில் எழுதிவையுங்கள்.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் ரமலான் நோன்பு வைப்பவர்களிடம் மாத்திரை நேரம்தான் முதல் கேள்வி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றிருக்கும் அபிக்ஸபான், டபிகட்ரானை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றுவது பொதுவாக ஒத்துவரும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர், சிறுநீரகம் பழுதானவர் நோன்பு வைக்கலாமா என்பதை மாதம் பிறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

6. உப்பைப் பொட்டலத்தில் அளந்துபாருங்கள்

உப்பு கூடினால் ரத்த அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூட மேலறை விரிந்து தளரும். விரிந்த மேலறையில்தான் இந்த நோய் வேர்விடும். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து.

குழம்பில் எவ்வளவு, பொரியலில் எவ்வளவு என்று அளப்பது நடக்காத காரியம். மாதக் கணக்கு எளிது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம்தான் வரவு. ஒரு கிலோ பொட்டலம் மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது, அதுவும் அப்பளம், வடகம், மோர் மிளகாய், உப்பு நார்த்தங்காய், கருவாடு ஆகியவற்றைச் சேர்க்காமல்.

குறைக்கும் வரிசை: முதலில் கருவாடும் ஊறுகாயும், அடுத்து அப்பளமும் வற்றலும், கடைசியில்தான் குழம்பு. குழம்பிலிருந்து தொடங்கினால் நோயாளி நான்காம் நாளே சலித்துப்போய் ஊறுகாயைக் கேட்பார். மோரிலும் பழைய சோற்றிலும் உப்பை விட்டுவிட்டுச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சோற்றில் உப்புப் போட்டு வடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதை இன்றே நிறுத்தலாம், நாக்குக்குத் தெரியாது.

7. பொட்டாசியம்: ஆளுக்கு ஆள் எதிர்விதி

பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு கெடும், மிஞ்சினாலும் கெடும். ஆகையால் பொது அறிவுரை என்று ஒன்று இங்கே கிடையாது.

ஃப்யூரோசமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றும். இவர்கள் சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நின்று வியர்த்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ அளவு சட்டென்று இறங்கும். கூடவே துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சின் சாப்பிடுபவராக இருந்தால் அந்த மாத்திரையே நஞ்சாக மாறும் அபாயம் கூடும். இளநீர், வாழைப்பழம், பருப்பு, சப்போட்டா இவர்களுக்கு நல்லவை.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலிலேயே தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கும் கதை தலைகீழ். "இளநீர் குளிர்ச்சிதானே" என்று தினமும் இரண்டு வெட்டிக் கொடுப்பது ஆபத்து. காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். கடைகளில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு" சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்தது. மற்றவர்களுக்கு நன்மை தரலாம். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அசிட்ரோம் சாப்பிடுபவரிடம் வாழைப்பழத்தைப் பிடுங்குவது தேவையில்லாத கொடுமை. அதில் இருப்பது பொட்டாசியம். வைட்டமின் கே மிகச் சொற்பம்.

8. காபியைப் பலி கொடுக்காதீர்கள், மதுவை நிறுத்துங்கள்

இதய நோய் என்றதும் முதலில் பலியாவது டிகிரி காபி. ஆதாரம் வேறு திசையில் நிற்கிறது. 2025-இல் வெளிவந்த டீகாஃப் ஆய்வில், மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சைக்கு வந்த 200 பேரில் ஒரு பாதியினர் காபியைத் தொடர்ந்தார்கள், மறு பாதியினர் நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் கோளாறு திரும்ப வந்தது காபி குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்கு; நிறுத்தியவர்களில் 64 சதவீதத்தினருக்கு. இதைப் படித்துவிட்டு டிகாக்ஷனைக் கூட்ட வேண்டாம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று போதும். மாலை மங்கிய பின் குடித்தால் தூக்கம் கெடும், தூக்கக் கேடு துடிப்பைக் கிளப்பும். நோட்டில் காபிக்குப் பின் படபடப்பு என்று திரும்பத் திரும்ப வந்தால், ஆய்வு என்ன சொன்னாலும் உங்களுக்கு ஆகாது. உற்சாக பானங்களைத் தொடவே வேண்டாம்.

மது விஷயத்தில் சலுகை இல்லை. விடுமுறையில் அளவுமீறிக் குடித்தவர்களுக்குத் துடிப்பு கெடுவதை மருத்துவர்கள் 1978-இலேயே விவரித்தார்கள். 2020-இல் ஆஸ்திரேலியாவில், வழக்கமாகக் குடிக்கும் 140 பேரிடம் நடந்த ஆய்வில் குடியைத் தொடர்ந்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும், நிறுத்தியவர்களில் 53 சதவீதத்தினருக்கும் கோளாறு திரும்பியது. பொங்கல், தீபாவளி வாரங்களில் "ஒரு நாள்தானே" என்று வரும் அழைப்புக்கு வீட்டார் முன்கூட்டியே பதில் வைத்திருப்பது நல்லது.

வெற்றிலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடப் போகும் பாக்கும் புகையிலையும்தான் படபடப்பைத் தருகின்றன.

9. இரவு இலையைச் சுருக்குங்கள்

சிலருக்குப் படபடப்பு வருவது வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான். வயிறு உப்பும்போது அதையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்படுகிறது. நோட்டில் இரவு 11 மணிப் படபடப்புகள் வரிசையாகத் தெரிந்தால், இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பாக முடித்துப் பாருங்கள். கல்யாண வரவேற்புகளில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவதும் ஒரு வழிதான்.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடைதான் பெரிய நெம்புகோல். 2015-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லெகசி ஆய்வில், எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 6 மடங்கு. எடை ஏறி இறங்கி ஆடியவர்களுக்கு அந்தப் பலன் குறைந்தது. நெல் விளையும் ஊரில் சோற்றை விடச் சொல்வது வாயளவில்தான் நிற்கும். சோறு இரண்டு கரண்டி என்றால் காயும் இரண்டு கரண்டி. சாம்பார், ரசம், மோர் என மூன்று முறை சோறு வாங்கும் வழக்கத்தை இரண்டாக்குவது நடக்கக்கூடிய மாற்றம். குறட்டை பலமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு நிற்பது இந்த நோயோடு சேர்ந்தே வரும்.

10. நாட்டு மருந்துக் கடைக்குப் போகும் முன்

இருமலுக்கு அதிமதுரம் மெல்லுவது நம் பழக்கம். நாட்கணக்கில் தொடர்ந்தால் அது பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு இரண்டுமே ஆகாது. இதயத்துக்கு நல்லது என்று மருதம்பட்டைக் கஷாயம் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கிறார்கள். சொல்லிவிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். சமையலில் போடும் மஞ்சளும் பூண்டும் பயப்படத் தேவையில்லாதவை. அவற்றின் சாரத்தை மாத்திரையாக விழுங்கினால் ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

கொல்லையில் பம்பளிமாஸ் காய்த்தால், துடிப்பைச் சீராக வைக்கும் அமியோடரோன் மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தவிர்க்க வேண்டும். மாத்திரை உடலில் சிதையும் வேகத்தை அது குறைக்கக்கூடும். மீன் எண்ணெய் மாத்திரை இன்னொரு பொறி. நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மீனைக் குழம்பாகவே சாப்பிடுங்கள்.

மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் நீங்களாக டைக்ளோஃபெனாக் வாங்குவது சாப்பாட்டு விஷயம் இல்லைதான். ஆனாலும் ரத்தம் உறையாத மாத்திரையோடு அதைச் சேர்ப்பது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விட வேகமாக வயிற்றில் ரத்தக்கசிவைக் கொண்டுவரும்.

11. நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டிய நேரம்

காய்ச்சலோ வாந்தியோ வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றால், அசிட்ரோம் சாப்பிடுபவர் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். தவறிய மாத்திரைக்காக மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல், மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கறுத்த மலம், தலையில் அடிபடுதல்: இவற்றில் எது வந்தாலும் கஷாயமும் வேண்டாம், காத்திருத்தலும் வேண்டாம். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான். 108-ஐ அழைத்தவுடன், இவர் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் என்பதையும், அதன் பெயரையும், கடைசியாகப் போட்ட நேரத்தையும் சொல்லுங்கள். அந்த ஊசியைப் போடலாமா என்று மருத்துவமனையில் முடிவு செய்வதற்கு அந்த நேரம் தேவை. அதனால் அதை நோட்டின் முதல் பக்கத்தில் தினமும் எழுதிவையுங்கள்.